மந்திரித்த சக்கரம்

ஸ்டீபன்ராஜுக்குத் தன் பழைய அம்பாசிடர் மேல் அப்படியொரு பிரியம். பிரியம் இருந்து என்ன செய்ய? சக்கரத்து நட்டை முடுக்கும்போது மட்டும் ஸ்பானரில் இரும்புக் குழாயைச் சொருகி, அதன்மேல் ஏறி நின்று மிதிப்பார். "இறுக்கம்னா இதுதான்யா இறுக்கம்" என்று பெருமை வேறு. மிதித்த மிதியில் நட்டைத் தாங்குகிற போல்ட்டுகள் வருஷக்கணக்கில் நொந்துகொண்டே வந்தன. தொண்ணூற்றேழில் ஒரு சனிக்கிழமை காலை, பேகம்பூரில் பஞ்சர் பார்க்கச் சக்கரத்தைக் கழற்றியபோது இரண்டு போல்ட்டு முறிந்து நட்டோடு கையில் வந்துவிட்டது.

மெக்கானிக் சனாவுல்லா குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"மிச்ச மூணும் மரை தேஞ்சு கெடக்குண்ணே. டிரம்மைக் கழட்டி அஞ்சையும் தட்டி எடுத்துட்டுப் புதுசு போடணும். சாமான் மதுரையில இருந்து வரணும். திங்கக்கெழம வரைக்கும் வண்டி நிக்கட்டும்."

"நாளைக்கு சூசை வாத்தியார் வீட்டு நிச்சயதார்த்தம்யா, சேவுகம்பட்டியில. அவரு குடும்பத்த நம்ம வண்டியில கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன். மூணு இருக்குல்ல, போயிட்டு வந்து பாத்துக்கலாம்."

"வேணாம்ணே."

"அட, மாட்டுய்யா. நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் காரைக் கோயில் வாசலில் நிறுத்தி, சாமியாரிடம் மந்திரிக்கச் சொன்னார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? பளபளவென்று துடைத்து மாட்டிய வீல் கப்புக்குள் இருக்கிற சங்கதியை யார் கண்டது? அவர் பாட்டுக்குக் காரைச் சுற்றிவந்து தீர்த்தம் தெளித்தார். ஸ்டீபன்ராஜ் சிலுவை போட்டுக்கொண்டார். மனசில் கிடந்த உறுத்தலும் போய்விட்டது.

வாத்தியார் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். செம்பட்டி தாண்டியதும் ஸ்டியரிங் உதறியது. ரோடு மோசம் என்று நினைத்துக்கொண்டு ஓட்டினார். அடுத்த நிமிஷம் காரின் முன்பக்கம் தரையில் இடித்து நின்றது. கழன்ற சக்கரம் காரை முந்திக்கொண்டு ஓடியது. வாத்தியார் குடும்பத்தில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. சக்கரமோ, தக்காளிக் கூடையோடு பஸ்ஸுக்கு நின்றிருந்த பேச்சாயியை அடித்துச் சாய்த்தது. அவள் இடுப்பெலும்பு நொறுங்கிப்போனது.

"மந்திரிச்ச வண்டி, அதான் ஆண்டவர் காப்பாத்துனாரு" என்றார்கள் எல்லோரும். சூசை வாத்தியார் நன்றிப் பூசைகூட வைத்தார். போலீசும் எதிர்பாராத விபத்து என்று விட்டுவிட்டது. சனாவுல்லாவிடம் போய்க் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஸ்டீபன்ராஜும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"வா அப்பு" என்றாள் பேச்சாயி, படுத்தபடியே. "நீ என்ன பண்ணுவ? தப்பெல்லாம் என்னோடது."

"ஒங்க தப்பா?"

"இந்த வருசம் காளியாத்தாளுக்குப் பொங்க வைக்கலப்பு. மக பிரசவத்துல மறந்து தொலைச்சிட்டேன். அதான் ஆத்தா இப்புடிப் பண்ணிட்டா. இனிமே குந்தி ஒரு களை எடுக்க முடியாதாம். எம் புள்ளைக மொகத்தப் பாக்கவே கூசுது."

ஸ்டீபன்ராஜ் வாசலைப் பார்த்தார். பேசாமல் எழுந்து போய்விடலாம். யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. ஆனால் அவர் செய்த பாவத்தைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, சாகிறவரை இந்தப் பொம்பளை தன்னையே வைதுகொண்டு கிடப்பாளே! அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஆத்தா ஒண்ணும் பண்ணலக்கா. சக்கரத்துல போல்ட்டு ஒடிஞ்சிருந்துச்சு. மாத்தாம எடுக்காதன்னு மெக்கானிக் சொன்னாரு. நான்தான் கேக்கல. மந்திரிச்சாப் போதும்னு ஓட்டிட்டு வந்தேன்."

பேச்சாயி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். கண்ணீர் காதோரம் வழிந்தது.

"அப்ப எம்மேல தப்பு இல்லையா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல." ஸ்டீபன்ராஜ் வாய்விட்டு அழுதார்.

"அழுவாத. அழுதா என் இடுப்பு கூடிருமா?" என்றாள் அவள். "மனுசன் செய்ய வேண்டியத மனுசன்தான்டா செய்யணும். அதையும் சாமி தலையில கட்டுனா சாமி என்ன செய்யும்? மொதல்ல ஒன் வேலையச் செய்யி, அப்புறம் கும்புடு. இத எங்கிட்ட மட்டும் சொன்னாப் பத்தாது. ஸ்டேசன்ல போயிச் சொல்லு, ஒங்க கோயில்லயும் எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு. அடுத்தவன் வண்டிச் சக்கரமாச்சும் கழலாம இருக்கட்டும்."