சிவப்பு நூல் கட்டிய பக்கம்

ஹேர் டிரையரை ஒரு சாண் உயரத்தில் பிடித்து அவள் மெதுவாக நகர்த்தினாள். ஸ்பீக்கர் சட்டத்தில் இழுத்து ஒட்டியிருந்த தாளின் கடைசிச் சுருக்கம் சூடு பட்டதும் நெளிந்து, கொஞ்சம் முரண்டு பிடித்து, காணாமல் போனது. வெங்காயச் சருகைவிட மெல்லிய பிளாஸ்டிக் தாள். முப்பது வருடம் துணி தைத்த கை அது. இன்றைக்கு முடிந்துவிடும் என்கிற பரபரப்பு அதற்கு.

"சுண்டு," என்றார் கட்டிலில் படுத்திருந்த கணவர்.

தாளின் நடுவில் விரலால் சுண்டினாள்.

"இன்னும் கொஞ்சம் சூடு காட்டு. மூலையில தொங்குது."

எழுந்து உட்கார முடியாது, இரண்டு மடக்குத் தண்ணீர் இறங்காது. மூலையில் தொங்குவது மட்டும் காதில் விழுந்துவிடும். அவள் மூலைக்குச் சூடு காட்டிவிட்டு மறுபடி சுண்டினாள்.

"போதும். இதுக்கு மேல போனா உன்னை மாதிரி வெடிச்சிடும்."

"பேச்சைக் குறைங்க. மூச்சு மிச்சமாகட்டும்."

மதியம் பன்னிரண்டு மணிக்கு டாக்டர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். "இன்னைக்குப் பொழுது தாண்டறது கஷ்டம்மா. வரவேண்டியவங்களை வரச்சொல்லிடுங்க." வரவேண்டியவர் என்று இருந்தது கணவரின் அக்கா ஒருவர்தான், அவரும் வந்து மூன்று நாளாகிறது. டாக்டரின் கார் தெருமுனை திரும்புவதற்குள் அவள் மனம் நேரத்தைப் பங்கு போட்டுவிட்டது. தாளை இறுக்க அரைமணி, வலைகளை முடுக்க ஒரு மணி, முதல் தடவை மின்சாரம் ஏற ஒரு மணி. மூன்று மணிக்குள் ஆகிவிடும். இப்படி நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடுதான் போய் ஸ்குரூடிரைவரைத் தேடினாள்.

கதவைக் கழற்றி நிறுத்தியதுபோல் ஆள் உயரத்தில் இரண்டு பழைய ஸ்பீக்கர்கள். மூடப்பட்ட ஓர் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து மூன்று வருடத்துக்கு முன் வந்தவை. மற்ற ஸ்பீக்கர்களைப் போல் காகிதக் கூம்பு கிடையாது. முன்னும் பின்னும் கம்பி வலை, நடுவில் இந்தத் தாள், தாளில் ஐயாயிரம் வோல்ட். அடிப்பீடத்துக்குள்ளேயே, கண்ணாடிக் குழல்கள் வைத்த பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர். ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே மெஷின் ரிப்பேர் பார்த்த கணவருக்கு ஐயாயிரம் வோல்ட் ஒரு பொருட்டே இல்லை. தெருவில் அவருக்குப் பெயரே எக்ஸ்ரேதான். தாள்தான் வசப்படவில்லை. வரிசையாக நான்கைக் கிழித்தார். ஐந்தாவதை அவள் பிடுங்கிக்கொண்டாள்.

வலது ஸ்பீக்கர் போன வருடமே பாடத் தொடங்கிவிட்டது. அவருக்குத் திருப்தி இல்லை. "ஒண்ணு மட்டும் பாடினா அது ரேடியோ. ரெண்டும் சேரட்டும். பாடறவங்க நடுவீட்டுல வந்து நிப்பாங்க பாரு," என்பார். மூன்று வருடமாக இதே பாட்டுதான். அவள் பாதி நம்பினாள். மீதிப் பாதியை அவரோடு சேர்ந்து கேட்டுவிட வேண்டும். கேட்காமல் அவர் போய்விடக் கூடாது. இன்றைக்கு அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"உனக்கு மனசு எப்படித்தான் வருதோ," என்றார் நாத்தனார், தம்பியின் காலைப் பிடித்துவிட்டபடி. "அவன் இப்படிக் கிடக்கறான். நீ ஸ்குரூ முடுக்கிட்டு இருக்க."

"அவர் கேக்கணும் அண்ணி."

"அக்கா, அவளை விடு," என்றார் அவர் கண்ணைத் திறக்காமல். "கை ஓடுறப்ப பேச்சுக் குடுக்காத."

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எல்லாம் தயார். கட்டிலை இஞ்ச் டேப் வைத்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே தூரம் வரும்படி இழுத்துப் போட்டாள். நாத்தனார் முனகிக்கொண்டே ஒரு பக்கம் தள்ளினார். வால்வுகள் சிவந்திருந்தன. இந்த நாளுக்கென்றே அவர் உறை பிரிக்காமல் வைத்திருந்த இசைத்தட்டு, ஒரு பெண் தனியாகப் பாடுவது. ஊசியை வைத்துவிட்டு ஓடிவந்து தலைமாட்டில் நின்றாள்.

இடதும் பாடியது.

"பாடுதுங்க," என்றாள். "ரெண்டும் பாடுது."

அவர் முகம் சுளித்தார். "எங்க நிக்கறாங்க?"

"யாரு?"

"பாடறவங்க. எங்க நிக்கறாங்கன்னு காட்டு."

அவள் விரலை நீட்டினாள். எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியவில்லை. குரல் இடது பக்கமும் இல்லை, வலது பக்கமும் இல்லை; வீடு முழுக்கப் புகைபோல் பரவியிருந்தது.

"இடது உல்டா," என்றார். "ஒண்ணு தள்ளறப்ப இன்னொண்ணு இழுக்குது. ஒயரை மாத்திட்ட."

"மாத்தலை. முன் வலை ஒயருக்குச் சிவப்பு நூல், பின் வலை ஒயருக்கு நீலம். நானே கட்டினேன்."

"அப்ப கட்டினதே தப்பு."

"இந்த நிலைமையிலயும் என்னை நொட்டை சொல்லணுமா?" அவள் குரல் உயர்ந்துவிட்டது. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டார்.

சொன்ன வாய் மூடுவதற்குள் உறைத்தது. நூல் கட்டியபோது ஸ்பீக்கர் மேஜைமேல் மல்லாந்து கிடந்தது. துணியில் அடையாளம் வைக்கும்போது மேலே தெரிவது எப்போதும் உள்பக்கம்தான். வெளிப்பக்கம் மேஜையைப் பார்த்திருக்கும். முப்பது வருடப் பழக்கத்தில் கை தன்பாட்டுக்கு, மேலே தெரிந்த முன் வலையை உள்பக்கமாக எடுத்துக்கொண்டு நீலத்தைக் கட்டிவிட்டது.

"நான்தாங்க," என்றாள்.

ஊசியைத் தூக்கி, சுவிட்சை அணைத்துவிட்டு இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் ஓடினாள். நீட்டிய கையை அவர் குரல் நிறுத்தியது. "மணியைப் பாரு."

அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். ஐந்து நிமிடம் கழியாமல் யாரும் கை வைக்கக் கூடாது என்பது அவர் சட்டம். அதை மதிக்காமல் ஷாக் வாங்கிய ஒருவரைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி இறங்கிய கதையை நூறு தடவை சொல்லியிருக்கிறார். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அவர் மூச்சு இழுத்தது, நின்றது, மறுபடி வந்தது. இத்தனை நீளமான ஐந்து நிமிடத்தை அவள் பார்த்ததில்லை.

"ஏன் நிக்கற? சட்டுனு மாத்தேன்," என்றார் நாத்தனார். அவருக்கும் அவசரம் தொற்றிக்கொண்டிருந்தது.

அவள் கை தானாக நீண்டது.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு," என்றார் கணவர்.

அந்த இரண்டு நிமிடமும் நின்றாள். பிறகு மண்டியிட்டு, ஸ்பீக்கருக்குப் பின்னால் தலையை நுழைத்து, சிவப்பை நீலத்தின் இடத்திலும் நீலத்தைச் சிவப்பின் இடத்திலும் முடுக்கினாள். விரல் ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. சுவிட்சைப் போட்டாள்.

"ஊசியை வைங்க அண்ணி. மெதுவா."

நாத்தனார் வைத்துவிட்டுக் கட்டிலுக்குத் திரும்பினார். வால்வுகள் சூடாகச் சூடாகப் பாட்டு மேலெழுந்து வந்தது. பின்னால் மண்டியிட்டிருந்தவளுக்குக் குரல் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை.

"இப்ப?" என்று கேட்டாள். "இப்ப எங்க நிக்கறாங்க?"

பாட்டு அடுத்த வரிக்குப் போனது.

"அண்ணி, என்ன சொல்றார்?"

அவள் எழுந்து ஸ்பீக்கருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். நாத்தனார் வாய் திறந்தபடி கூடத்தின் நடுவே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டில் பக்கம் போய் அவளும் திரும்பிப் பார்த்தாள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில், ஒரு பெண் நின்று பாடிக்கொண்டிருந்தாள். அடுத்த வரிக்கு முன் மூச்சு வாங்கியது கேட்டது. உதடு பிரிந்தது கேட்டது. தன்னைவிட அரையடி உயரம் என்றுகூடச் சொல்லிவிடலாம். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சந்தோஷம் தாங்காமல் கணவரின் தோளைப் பற்றி உலுக்கினாள்.

"வந்துட்டாங்க. வந்து நிக்கறாங்க, பாருங்க."

தோள் அவள் கையோடு வந்தது, கையோடு போனது. கண் பாதி திறந்திருந்தது. மூக்கின் அருகே விரலை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள்.

"அண்ணி, கேட்டாரா?"

நாத்தனார் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். முகம் கோணிக்கொண்டு போனது. "தெரியலையேம்மா. நான் அந்தப் பொண்ணைப் பார்த்துட்டு இருந்துட்டேன்."

இசைத்தட்டை நிறுத்த எழுந்தவரின் கையைப் பிடித்து அவள் உட்கார வைத்தாள். "இந்தப் பக்கம் முடியட்டும்."

மூன்றே கால் மணிக்கு, தினமும் ஊசி போட வரும் நர்ஸ் வந்தாள். வாசலிலிருந்து கட்டிலுக்கு, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவேதான் வழி. தோள்பையைச் சரிசெய்தபடி வேகமாக வந்தவள் சட்டென்று நின்றாள். ஒரு எட்டு பின்வாங்கினாள். பிறகு, பாடுகிறவருக்கு இடைஞ்சல் இல்லாமல், சுவரோரமாக ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு வந்தாள்.