சாய்மானம் இல்லாத வாங்கு

விமலேஸ்வரி கோடரியைத் திருப்பிப் பிடித்து, அதன் பின்பக்கத்தால் வீட்டில் குந்தியிருக்கும் வாங்கின் ஆப்பை அடித்தாள். மாரி ஈரத்தில் மரம் ஊதியிருந்தது. ஆப்பு அசையவில்லை. முற்றத்தில் சாக்கின்மேல் கிடந்த அவளது புருஷன் பரமேஸ்வரன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"ஆப்பின்ரை தடிச்ச பக்கத்தாலை அடிக்காதை விமலா. மெல்லிய பக்கத்தாலை தட்டு."

தட்டினாள். ஆப்பு கழன்று விழுந்தது.

விடியற்காலையில் வரம்பு வெட்டப் போன இடத்தில் அவனது கணுக்காலில் புடையன் பாம்பு கொத்தியிருந்தது. இப்போது முழங்காலுக்கு மேலும் வீங்கிவிட்டது. கடிவைத்தியர் வந்து பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ என்று சொல்லிப் போய்விட்டார். ஆனால் குளம் நிரம்பி வான் பாய்ந்து கிளிநொச்சி றோட்டைத் தண்ணீர் மூடிக் கிடந்தது. வெள்ளத்துக்கு அக்கரையில் இருக்கும் ஏரம்பர் தன் டிராக்டரோடு நிற்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அதுவரைக்கும் ஆளைத் தூக்கித்தான் போகவேண்டும். கட்டில் கனம். வாங்கைக் கழட்டி அதன் பலகையில் தன்னைக் கிடத்தலாம் என்று சொன்னவன் பரமேஸ்வரன்தான்.

அந்த வாங்கை அவர்கள் இரண்டுபேருமாக யோசித்துச் செய்தார்கள். எழுபத்தெட்டில் காணி கிடைத்து ஸ்கந்தபுரத்துக்கு வந்தபோது வீட்டில் இருக்க ஒரு கதிரைகூட இல்லை. அவன் சாணத் தரையில் கரித்துண்டால் ஒரு வாங்கின் படம் கீறினான். கடைந்த கால்கள், கைபிடி, பூ வெட்டிய சாய்மானம், எல்லாம் யாழ்ப்பாணத்தில் தகப்பன் வீட்டில் கிடந்த மாதிரி. "இது என்னத்துக்கு?" என்று கேட்டுக் கேட்டு அவள் ஒவ்வொன்றாகக் காலால் அழித்தாள். கடைசியில் ஒரு வேப்பம்பலகையும் இரண்டு பலகைக் கால்களும் மிஞ்சின. ஆணிகூட இல்லை. சாய்மானத்தை மட்டும் அவன் லேசில் விடவில்லை. அதற்காக இரண்டு நாள் அவளோடு கதைக்காமல் இருந்தான். பிறகு தானாகவே அதை விட்டு, கண்ணாடித் துண்டால் பலகையைச் சுரண்டி வழுவழுப்பாக்கத் தொடங்கினான். பார்க்க வந்த மாமி அன்னபாக்கியம், "இது மீன் வெட்டுற பலகையோ?" என்று கேட்டா. ஆனாலும் பக்கத்துக் காணி நடராசா அதே மாதிரி ஒன்று தனக்கும் செய்விக்கவென்று அளவெடுத்துப் போனார்.

அந்த நடராசாதான் இப்போது பரமேஸ்வரனைக் கிடத்திய பலகையின் கால்மாட்டைப் பிடித்தார். பரமேஸ்வரனின் தம்பி தில்லைநாதன் தலைமாட்டைப் பிடித்தான். விமலேஸ்வரி பக்கத்தில் நடந்தாள்.

றோட்டில் தண்ணீர் இடுப்புக்கு வந்தது. பாதி மிதக்கவும் பாதி தூக்கவுமாகப் பலகையைக் கொண்டுபோனார்கள். தண்ணீரின் இழுப்பு கூடிய இடத்தில் அது சரிய, பரமேஸ்வரன் ஒருபக்கமாக வழுக்கினான். அவள் குறுக்கே கையைப் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"பிடிக்க ஒண்டுமில்லை," என்றான். பல் முரசில் இரத்தம் கசிந்திருந்தது. "சாய்மானம் இருந்திருந்தால் பிடிச்சிருப்பன்."

"சாய்மானம் இருந்திருந்தால் உங்களைக் கிடத்தேலாது."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவளுக்கு உடனே அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டது.

"சுகமாகி வந்து வையுங்கோ," என்றாள்.

"மெய்யாவோ?"

"ஓம். இனி நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

"பூ வெட்டி?"

"உங்கட விருப்பம்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"நித்திரை கொள்ள விடாதேங்கோ மச்சாள்," என்றான் தில்லைநாதன். "கதையுங்கோ."

"இஞ்சாருங்கோ, எவ்வளவு உயரத்துக்கு வைப்பம்? தோளளவுக்கோ? அவ்வளவு வேண்டாம் என்ன? கனக்க உயர்த்தினால் யன்னலை மறைக்கும்."

அவள் அவனது கன்னத்தில் தட்டினாள். இமை ஒருமுறை அசைந்தது.

"வேப்பம்பலகை இன்னும் ஒரு துண்டு கிடக்கு, மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னாலை. நனையாமல் ஓலை போட்டு மூடி வைச்சனான். சாய்மானத்துக்கு அது காணும். நெட்டுக்கு வைக்கிறதோ, சரிச்சு வைக்கிறதோ? சொல்லுங்கோவன்."

நடராசா கால்மாட்டைப் பிடித்தபடி தில்லைநாதனைப் பார்த்தார். தில்லைநாதன் முகத்தை மறுபக்கம் திருப்பினான். ஒருவரும் பலகையை விடவில்லை. நடையும் குறையவில்லை. அவள் கதைத்துக்கொண்டே வந்தாள். ஆப்பை எங்கே இறுக்குவது, பலகையை எத்தனை நாள் காயவைப்பது, பூ வெட்ட நெடுங்கேணியிலிருந்து ஆசாரியைக் கூப்பிடுவதா, அல்லது அவனே வெட்டுவானா என்றெல்லாம் கேட்டாள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்தாள். பிறகு அடுத்ததைக் கேட்டாள்.

அக்கரையில் டிராக்டர் இரைந்துகொண்டு நின்றது. பற்றரி பழுது. நிற்பாட்டினால் நாலுபேர் தள்ளினால்தான் மறுபடி இயங்கும் என்பதால், ஏரம்பர் வந்ததிலிருந்தே அதை நிற்பாட்டாமல் வைத்திருந்தார்.

"டிராக்டர் பெட்டிக்குள்ளை வைக்கல் போட்டிருக்கு! கெதியா ஏத்துங்கோ!" என்று கத்திக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி வந்தார். வந்தவர் பரமேஸ்வரனின் முகத்துக்குக் கிட்டக் குனிந்தார். மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தார். விரலை மெல்ல எடுத்தார்.

"சரிச்சு வைச்சால்தான் முதுகுக்குச் சுகம், என்ன ஏரம்பண்ணை?" என்றாள் விமலேஸ்வரி.

"ஓம் பிள்ளை."

ஏரம்பர் திரும்பிக் கரையேறிப் போனார். டிராக்டரில் ஏறி எஞ்சினை நிற்பாட்டினார்.