விழாமலிருக்க ஒரு கார்ப்பெட்

கார்ப்பெட் எனக்காகத்தானாம். கடைக்குப் போகும்போதும் அப்படித்தான் சொன்னார்கள், கொண்டுவந்து விரிக்கும்போதும் அப்படித்தான் சொன்னார்கள், பிறகு என்னை ஒரு மூலையில் இருத்திவிட்டுத் தங்கள் அலுவலைப் பார்க்கப் போகும்போதும் அதையேதான் சொன்னார்கள். "உங்களுக்காகத்தானே அக்கா." அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு உச்சி கொதிக்கும். எனக்காக என்றால் நான் கேட்டதையல்லவா வாங்கியிருக்க வேண்டும்?

என் பெயர் கௌசலா. கடைசிச் சண்டையில் ஷெல் துண்டு ஒன்று முதுகில் ஏறியது. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, வீல்செயர்தான். நெடுங்கேணியில் தம்பி செந்தூரனோடும் அவன் மனைவி யதுர்ஷிகாவோடும் இருக்கிறேன். எங்களுக்கு மூத்தவர் கமலாசனி அக்கா, சுவிஸில். அங்கே இருந்தபடி போனில் எங்கள் வீட்டை நடத்துகிறவர் அவர்தான்.

என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்குள் நான் எதற்கும் ஒருவரையும் கூப்பிட்டதில்லை. விடிய எழும்பி, கையை ஊன்றிக் கட்டிலிலிருந்து சில்லுக் கதிரைக்கு மாறி, ஹோலைக் கடந்து குசினிக்குப் போவேன். சாயம் கூட்டி, சீனி குறைத்து, எனக்குப் பிடித்த மாதிரி ஒரு தேத்தண்ணி. பிறகு பாத்ரூம். பிறகு விறாந்தையில் தையல் மெஷின். சிமெந்து நிலத்தில் ஒரு தள்ளுத் தள்ளினால் சில்லு பாதித் தூரம் தானே போகும். நடக்க முடியாது போனாலும் அந்த ஓட்டம் எனக்கு மிச்சமிருந்தது. அதை யாரும் தரவில்லை, நானே தோள் நோக நோகப் பழகி எடுத்தது.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை விழுந்துவிட்டேன். வெள்ளியில் வீடு கழுவாமல் எங்கள் வீட்டில் விளக்கு வைப்பதில்லை. யதுர்ஷிகா வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மஞ்சள் தண்ணீரும் தெளித்திருந்தாள். காயும்வரை பொறுக்காமல் போனது என் பிழைதான். கதிரை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மெல்ல மெல்ல இழுபட்டுத் திரும்ப ஏறி இருந்து, ஒரு சட்டைக்குக் கழுத்தும் வெட்டி முடித்தேன். அடுத்த நாள் பார்த்தால் தொடை பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கிறது. எலும்பு உடைந்திருக்கிறது. எனக்கு நோகவேயில்லை.

நான் விழுந்ததைவிட, உடைந்தது எனக்கே தெரியாமல் போனதுதான் அவர்களைக் கலங்கடித்தது. ஆஸ்பத்திரியில் செந்தூரன் என் எக்ஸ்ரே படத்தைத் திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்த்தான். "நான் அண்டைக்குக் கழுவாமல் விட்டிருந்தா" என்று யதுர்ஷிகா ஓயாமல் மூக்கைச் சிந்தினாள். கமலாசனி அக்கா போனுக்குள் இருந்து தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"மாபிள் போட்டா இன்னும் வழுக்கும். கார்ப்பெட் போடுங்கோ, கீழை நல்ல மொத்த ஸ்பொஞ்சும் வைச்சு. இஞ்சை எல்லா வீட்டிலையும் அது தான். விழுந்தாலும் மெத்தையிலை விழுந்த மாதிரி."

"அக்கா, இஞ்சை செம்மண் புழுதி. இவன் வயலாலை வந்து காலை உதறினா உங்கடை கார்ப்பெட் ஒரு கிழமையும் தாங்காது" என்றேன்.

"வெள்ளிக்கிழமை எப்பிடிக் கழுவுறது மாமி?" என்று கேட்ட யதுர்ஷிகா, மச்சாளை மாமி என்று சொல்லிவிட்ட வெட்கத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கமலாசனி அக்காவின் குரலில் அப்படி ஒரு அதிகாரம். "கழுவத் தேவையில்லை, தூசி இழுக்கிற மெஷின் அனுப்புறன்" என்று வந்தது பதில்.

நான் ஒரேயடியாக மறுக்கவில்லை. போடத்தான் போகிறார்கள் என்றால் சரியானதைப் போடட்டும் என்று நினைத்தேன். அடிபட்டவர்களுக்கான விடுதி ஒன்றில் கொஞ்சக் காலம் இருந்திருக்கிறேன். அங்கே அலுவலக அறையில் நூல் கட்டையான, இறுக்கமான கார்ப்பெட் கிடந்தது. நாள் முழுக்க அதன்மேல் எத்தனையோ வீல்செயர்கள் ஓடியும் அது அசையவில்லை. விருந்தினர் அறையில் புசுபுசுவென்று ஒன்று இருந்தது. அதற்குள் போன சில்லு வெளியே வராது. கொஞ்சக் காலத்திலேயே கதிரைக் கால் நின்ற இடமெல்லாம் பள்ளம். அதனால் எனக்கு எது வேண்டும் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை.

கால் பொருந்திய பிறகு, நானும் வவுனியாவுக்கு வருவேன் என்று அடம்பிடித்து ஓட்டோவில் ஏறினேன். வீல்செயர் ஓட்டோவுக்குள் கொள்ளாது என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். போய்ப் பார்த்தால் கடைக்கு உயரமான படிகள். செந்தூரன் தூக்குகிறேன் என்றான். பஜாரில் நாலுபேர் பார்க்க மூட்டை மாதிரித் தூக்குப்பட எனக்கு மனமில்லை. ஓட்டோவுக்குள்ளேயே இருந்தேன். கடை முதலாளி நல்ல மனிதர், துண்டுகளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

"இதை அமத்திப் பாருங்கோ தங்கச்சி, பஞ்சு."

அமத்தினேன். விரல் மொளி முழுக்க உள்ளே போய் ஒளித்துக்கொண்டது.

"இதிலை என்ரை சில்லு நீந்தத்தான் வேணும்" என்றேன். அவர் சிரித்துவிட்டு மற்றத் துண்டை எடுத்துத் தந்தார்.

"இது கந்தோர், ஒஃபிஸுகளுக்குப் போடுறது. வடிவில்லை. ஆனா உழைக்கும், விலையும் குறைவு."

சாம்பல் நிறம். பின்பக்கமாக மடித்துப் பார்த்தேன், நூல் நெருக்கத்தில் அடித்துணி கண்ணில் படவில்லை. நகத்தால் சுரண்டினேன், ஒரு நூல்கூடக் கழலவில்லை. கீழே விரிக்க மெல்லிய, கெட்டியான றப்பர் ஒன்றும் காட்டினார். அதைச் சுருட்டிக் கை முட்டியால் குத்திப் பார்த்தேன், கைதான் நொந்தது.

"செந்தூரா, இது தான். இந்தச் சாம்பலும் இந்த றப்பரும். விளங்கிச்சே?"

"ஓம் அக்கா, ஓம்."

போனில் கமலாசனி அக்காவின் முகத்தை ஏந்திக்கொண்டு உள்ளே போனான். போனவன் வர நெடுநேரம் எடுத்தது. வெய்யில் ஓட்டோவின் தகரத்தில் ஏறி என் தலைக்குள் இறங்கியது. கடைசியில் பட்டா என்கிற சின்ன லொறியில் ஏற்றினார்கள் பார், மெரூன் நிறத்தில், பன்றிக்குட்டி மாதிரிக் கொழுத்த ஒரு சுருளும், உள்ளங்கை அகலத்தில் பாதித் தடிப்புக்கு ஸ்பொஞ்சும்.

"என்னடா இது?"

"பெரியக்கா இதைத்தான் எடுக்கச் சொன்னவா" என்றான், என் முகத்தைப் பாராமல். "மற்றது சாக்கு மாதிரிக் கிடக்காம்."

"அவா இருக்கிறது சுவிஸிலை. உருட்டுறது நானடா! விசரே உங்களுக்கு?"

"றோட்டிலை நிண்டு கத்தாதை அக்கா."

எங்கே நின்றேன்? இறங்கிப் போய் முதலாளியோடு கதைக்கலாமா, அவன் சட்டையைப் பிடிக்கலாமா? ஓட்டோ திரும்பியது, நானும் திரும்பினேன்.

கடை ஆட்கள் வந்து ஹோலிலும் என் அறையில் கட்டிலடி வரையும் விரித்து, ஓரமெல்லாம் பசைநாடா போட்டு ஒட்டினார்கள். ஒட்டி முடியும்வரை என்னைக் கட்டிலில் விட்டிருந்தார்கள். பிறகு கதிரையில் இருத்தி, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஓடிக் காட்டுங்கோ அக்கா" என்றாள் யதுர்ஷிகா. தள்ளினேன். முன்னாலிருக்கும் சின்னச் சில்லு இரண்டும் புதைந்தன. இன்னும் தள்ளினேன். கார்ப்பெட் எனக்கு முன்னால் சுருங்கி எழும்பியதே தவிர நான் ஓரடிக்கு மேல் போகவில்லை. போனுக்குள் கமலாசனி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இனித்தான் எனக்கு நித்திரை வரும் கௌசி" என்றார். அந்த முகத்துக்கு என்ன சொல்வது? "நல்லாயிருக்கு அக்கா" என்றேன். அந்தப் பொய்க்கு என் வாயில் நானே போட்டிருக்க வேண்டும்.

அடுத்த நாள் விடிய வழமைபோல் எழும்பித் தேத்தண்ணிக்குப் புறப்பட்டேன். அங்குலம் அங்குலமாய்த் தள்ளி வந்து ஹோலின் நடுவில் மாட்டுப்பட்டேன். முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. குசினி வாசல் தெரிகிறது, அடுப்பு தெரிகிறது. தோள் இரண்டும் கழன்று விழுமாப்போல் தள்ளியும் சில்லு அந்தப் பஞ்சை விட்டு வரவில்லை. யதுர்ஷிகா எழும்பி வந்து பார்த்து, "கூப்பிட்டிருக்கலாமே அக்கா" என்று தள்ளிக்கொண்டுபோய் விட்டாள். தேத்தண்ணியும் அவளே போட்டாள். பாயாசம் போலத் தித்தித்தது.

அதோடு தொடங்கியது என் சிறை. தேத்தண்ணிக்குக் கூப்பிட வேண்டும். ஊசிக்குக் கூப்பிட வேண்டும். பாத்ரூமுக்குக் கூப்பிட வேண்டும், அதுவும் அவள் உலையில் அரிசி போடுகிற நேரத்தில். அவள் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை, அதுதான் இன்னும் அந்தரம். சுளித்தாலாவது சண்டை பிடிக்கலாம். கூப்பிட வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். விறாந்தையில் ஆட்கள் தைக்கக் கொடுத்த துணிகள் குவிந்து கிடந்தன. மெரூன் கார்ப்பெட்டுக்கு நடுவில் ஒரு பொம்மை மாதிரி இருந்து யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தால் அழுதேன், யாருக்குப் பயம்?

ஒருநாள் யதுர்ஷிகா குசினியில் இருந்து தன் தாயோடு போனில் கதைப்பது கேட்டது. "இப்ப அக்கா முந்தி மாதிரி ஓடித்திரியிறேல்லை அம்மா. ஒரு இடத்திலை இருக்கிறா. எங்களுக்கும் நிம்மதி."

அவள் கள்ளமில்லாமல்தான் சொன்னாள். எனக்கோ உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு இடத்திலை இருக்கிறா! அலுமாரியும்தான் ஒரு இடத்தில் இருக்கிறது. இனி வாயைப் பொத்திக்கொண்டு இருந்தால் நானும் அலுமாரிதான் என்று நினைத்தேன்.

மத்தியானம் செந்தூரன் வயலால் வரும்வரை காத்திருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு என் அறைக்குள் எட்டிப் பார்த்தான். நான் கட்டில் ஓரத்துக்கு மாறி, வெறும் கதிரையை அவனுக்கு முன்னால் விட்டிருந்தேன்.

"இதிலை இரு."

"என்ன அக்கா விளையாட்டு?"

"விளையாட்டுத்தான். இரு. காலைக் கீழை ஊண்டாமல் குசினிக்குப் போய் எனக்கு ஒரு கோப்பை தண்ணி எடுத்துக்கொண்டு வா."

கதிரையின் பிடியில் கையை வைத்தான். இருக்கவில்லை.

"வேண்டாம் அக்கா."

"ஏன்? பயமே?"

"ஓடாது எண்டு தெரியும்."

"எப்ப இருந்து தெரியும்?"

கால் பெருவிரலால் கார்ப்பெட்டைக் கிளறினான். நானும் விடவில்லை.

"செந்தூரா, எப்ப தொட்டு?"

"கடையிலையே தெரியும். முதலாளி சொன்னவர், இதிலை வீல்செயர் ஓடாது தம்பி, அக்கா கேட்டதைக் குடுங்கோ எண்டு. பெரியக்காவும், அப்ப அவள் கேட்டதையே குடு எண்டுதான் சொன்னவா. நான் தான் இதைக் கட்டச் சொல்லிப்போட்டு, நீ மனம் மாறிட்டாய் எண்டு அவவுக்குச் சொன்னனான்."

கமலாசனி அக்காவை நான் மனதுக்குள் திட்டாத திட்டு இல்லை. அதெல்லாம் வீண்.

"என்னை ஏன்ரா கட்டிப்போட்டனி?"

"கால் உடைஞ்சதே உனக்குத் தெரியேல்லை அக்கா." அவன் கார்ப்பெட்டில் அப்படியே குந்திவிட்டான். "நாளைக்கு மண்டை உடைஞ்சாலும் ஏறி இருந்து தைப்பாய். நான் வயலிலை நிப்பன். மாத்தளனிலை ஷெல்லடிக்குள்ளை உன்னைத் தோளிலை போட்டுக்கொண்டு ஓடினனான், எனக்கு அப்ப என்ன வயசு? உன்ரை ரத்தம் என்ரை முதுகாலை வழிஞ்சது. செத்துப்போனாய் எண்டு நினைச்சுக்கொண்டுதான் ஓடினனான். இன்னொருக்கா என்னாலை ஏலாது."

இத்தனை வருடத்தில் அவன் அதைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை. முகத்தைப் புறங்கையால் மறைத்துக்கொண்டு சின்னப் பெடியன் போல விக்கினான். என் தம்பி. கையை நீட்டி அவன் தலையைத் தடவியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வயலுக்குப் போயிருப்பான். நான் சாகும்வரை அந்தக் கார்ப்பெட்டில் இருந்திருப்பேன்.

நான் தலையைத் தடவவில்லை. கட்டில் ஓரத்திலிருந்து கையை எடுத்துவிட்டேன். விழுந்தேன்.

"ஐயோ அக்கா!"

"தொடாதை! தொட்டியெண்டால் தெரியும்!"

மெத்தென்றுதான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. முழங்கையை ஊன்றி உடம்பை இழுத்தேன். அறை வாசல் தாண்டி ஹோலுக்குள் இழுபட்டேன். யதுர்ஷிகா குசினி வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், அவளைச் சுற்றிக்கொண்டு போய்க் குசினிப் பக்க ஓரத்தைப் பிடித்தேன். நகத்தைக் கொடுத்துப் பசைநாடாவைக் கிளப்பினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். கார்ப்பெட் கிளம்பியது, பிறகு ஸ்பொஞ்ச், அதற்குக் கீழே சிமெந்து. என் கன்னத்தை அதில் வைத்தேன், குளிர்ந்தது.

பின்னால் செந்தூரன் வந்து நிற்பது தெரிந்தது.

"விழுந்தா என்ன செய்யிறது அக்கா?" என்று கேட்டான்.

"விழுந்தாத் தூக்கு."

அவன் கால்கள் என் பக்கத்தால் தாண்டிப் போயின. கொஞ்ச நேரத்தில், மற்ற மூலையில் பசைநாடா கிழிகிற சத்தம் கேட்டது.