ஜான்சி தேடிய படம்

கடலூரில் பஸ் ஏறியதிலிருந்து ஜான்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பத்தாவது படிக்கும் மகன் அறிவுமதி குடித்துவிட்டு வகுப்பிலேயே வாந்தி எடுத்தானாம். சிதம்பரத்தில் அவன் படிக்கும் பள்ளியிலிருந்து போன் வந்திருந்தது. பச்சைப் பிள்ளைக்குச் சரக்கு விற்றவனை மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். வாத்தியார்களையும் விடவில்லை. கடைசியில் கோபமெல்லாம் மகனோடு சுற்றும் குமராட்சிப் பையன் மேல் போய் நின்றது.

தம்பி செம்பியனுக்குப் போன் போட்டாள். "நீயும் கெளம்பி வாடா. புள்ளைய பழக்கிவுட்டது யாருன்னு இன்னைக்குத் தெரிஞ்சாவணும்."

"உடுக்கா, வயசுப் பசங்க."

"உடறதா? அவன உண்டு இல்லன்னு ஆக்குறேன் பாரு."

தலைமையாசிரியரிடம் காட்ட, அந்தப் பையனின் படத்தைப் போனில் தேடினாள். தள்ளிக்கொண்டே போனதில் விரல் பட்டு, மூன்று வருஷத்துக்கு முந்தைய செம்பியன் கல்யாண வீடியோ ஓட ஆரம்பித்தது. மாப்பிள்ளைக் கோலத்தில் செம்பியன் பீர் டம்ளரை நீட்ட, பன்னிரண்டு வயது அறிவுமதி முகத்தைச் சுளித்துப் பின்வாங்கினான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். படம் பிடித்த ஜான்சியின் சிரிப்பும் குரலும் பஸ் முழுக்கக் கேட்டன.

"தாய்மாமன் குடுத்தா வேணாங்கக் கூடாதுடா. ஒரு வாய் குடி, அம்மா ஸ்டேட்டஸ் வைக்கணும்."