கீழ்க் கண்

“திறக்காதீங்க அத்தான்!”

கத்திய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அத்தானின் கையில் அந்தப் பழைய இரட்டை லென்ஸ் கேமரா. பின்கதவு ஆவென்று திறந்திருந்தது. ஜன்னல் வெயில் நேராக அதன் வயிற்றுக்குள் விழுந்தது. உள்ளே ஒரு கறுப்பு உருளை.

அவசரமாக மூடினார். லாரி ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டது.

“படம் உள்ளதான இருக்கும், எடுத்து உங்கிட்ட குடுத்துடலாம்னு... வெளிச்சம் பட்டா போயிடுமா மாப்ளே?”

பக்கத்து அறையில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். வாசலில் வண்டி வந்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் அக்கா மகளுக்கு விமானம் கிடைக்கவில்லை. காலையிலிருந்து போனில் அவள் கேட்பது ஒன்றே ஒன்று.

“மாமா, நேத்து எடுத்தீங்கன்னு அம்மா சொன்ன படத்தை அனுப்புங்க. முடி கொட்டினதுலேர்ந்து அம்மா எனக்கு முகத்தையே காட்டல. வீடியோ கால்ல கூட ஃபேனைத்தான் காட்டுவாங்க.”

நேற்று.

அவன் கல்யாண ஃபோட்டோகிராபர். தோளில் எப்போதும் தொங்குவது ஒற்றை லென்ஸ் கேமரா. நேற்று அதைக் கண்ணுக்கு உயர்த்தியதுமே அக்கா தலையணையால் முகத்தை மறைத்தாள்.

“துப்பாக்கி மாதிரி நீட்டாதடா. அதுவும் அது திருட்டு முழி. க்ளிக் பண்றப்ப உள்ள கண்ணாடி எழும்பி உனக்கு இருட்டிடும்னு நீதான சொன்ன? நான் சிரிக்கிற அந்த நேரம் பாத்து உனக்குக் கண்ணு தெரியாது. அந்த ரெண்டு கண்ணனை எடு.”

அந்த இரட்டை லென்ஸ் கேமரா அவன் எப்போதோ கொடுத்தது, அவள் அலமாரி மேல் அழகுக்கு உட்கார்ந்திருந்தது. மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் பிடிப்பதற்கு. உள்ளிருக்கும் கண்ணாடி அசையாது, அதனால் இருட்டாது. வயிற்றருகே வைத்துக்கொண்டு, தலை குனிந்து மேலேயிருந்து பார்க்க வேண்டும்.

“இப்பத்தான் சரி. எம் மூஞ்சியை முறைக்காம மரியாதையாக் குனிஞ்சு நிக்கிற பாரு. இத்தன வருஷத்துல ஒரு நாளாவது எனக்குக் குனிஞ்சிருக்கியா?”

முக்கி முனகி எழுந்து உட்கார்ந்தாள். தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்தாள். புருஷனுக்குக்கூடக் காட்டாத தலை.

“மகளுக்கு அனுப்பு. பயப்படாம பாக்கட்டும்.”

சிரித்தாள்.

கேமராவில் ஃபிலிம் இல்லை. ஸ்டூடியோ இரண்டு தெரு தள்ளித்தான். ஓடிப்போய் எடுத்து வந்திருக்கலாம். மாலையில் ஒரு வரவேற்பு வேலை இருந்தது. யாருக்குத் தெரியப்போகிறது, நாளைக்கு நிதானமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விசையை அழுத்தினான். டிக். வயிறு காலியானாலும் சத்தம் அதேதான்.

விடிவதற்குள் அக்கா போய்விட்டாள்.

“அத்தான்... அதுல ஃபிலிமே இல்ல.”

அவர் நிமிர்ந்தார்.

“நெஜமா. நேத்து சும்மாதான் அழுத்தினேன். நீங்க பாத்தது வெறும் உருளை. ஃபிலிம் சுத்திக்கறதுக்காக எப்பவும் உள்ள கெடக்கும்.”

“அப்புறம் ஏன் அப்படிக் கத்துன?”

“பழக்கம் அத்தான். யாராவது அந்தக் கதவுல கை வெச்சாலே வாய் தானா...”

அத்தான் அவனையே பார்த்தார். அறை விழும் என்று எதிர்பார்த்தான். விழட்டும் என்றும் இருந்தது. கை தோளில்தான் விழுந்தது.

“எனக்காகப் பொய் சொல்லாத மாப்ளே. அவ்வளவு முடியாதவ எழுந்து உக்காந்திருக்கா, அவள வெச்சுக்கிட்டு சும்மா அழுத்துற ஆளா நீ? உங்க அக்காவை ஏமாத்துவியா?”

இன்னொரு தடவை கதவைத் திறந்து, ஃபிலிம் உருளையும் அது சுற்றிக்கொள்ளும் உருளையுமாக இரண்டு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று கிடப்பதைக் காட்டினால் போதும். அவன் விரல் கொக்கி வரை போனது. நின்றது.

போன் அடித்தது. அவன் எடுப்பதற்குள் அத்தான் எடுத்துவிட்டார்.

“கண்ணு... அந்தப் படத்தை அப்பாதான் கெடுத்துட்டேன்மா. தெரியாம தொறந்துட்டேன். மாமாவை ஒண்ணும் சொல்லாத. பழியைத் தன் தலையில போட்டுக்கப் பாக்குறான், பாவம்.”

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு போனை நீட்டினார்.

“உங்கிட்ட பேசணுமாம்.”

காதில் வைத்தான். அழுது ஓய்ந்த குரல்.

“மாமா, படம் போனாப் போவுது. அந்த மேல் கண்ணாடில நீங்க பாத்தீங்கள்ல? அம்மா எப்படி இருந்தாங்க?”

“சிரிச்சா.”

“அப்புறம்?”

அவன் வாயைத் திறந்தான். எதிரே அத்தான், அக்கா நேற்று வரை படுத்திருந்த கட்டிலின் காலடியில் கிடந்த தலைத்துணியை எடுத்து உதறினார்.

“ஒரு ஓரமாவது மிஞ்சியிருக்கும்ல மாப்ளே?” என்று தணிந்த குரலில் கேட்டுக்கொண்டே, பொட்டு வெளிச்சமும் புகாதபடி கேமராவை அதில் சுற்றத் தொடங்கினார்.