டோரிஸ் தைத்த அங்கி

பெரிய வெள்ளிச் சிலுவைப்பாதையில் ஏசுவாக நிற்கப்போவது தன் மகன் கால்வின் என்று தெரிந்த நாளிலிருந்து டோரிஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஊதா அங்கியைத் தன் கையாலேயே தைத்தாள். சிலிபின் பாசாரில் மீன் வாங்கும்போதும் அதே பேச்சுதான். இருக்கட்டுமே, பெற்றவள் பெருமைப்படாமல் வேறு யார் பெருமைப்படுவது?

குருத்து ஞாயிறு பூசை முடிந்து வந்த கால்வின் சோற்றில் கை வைக்கவில்லை.

"அம்மா, நான் ஏசுவா நிக்கல. சுரூபத்தோட பாதத்த ஒடச்சது சன்னாசி அண்ணன் இல்ல. நான்தான்."

டோரிஸுக்குப் பகீரென்றது. சுங்காய் தோட்டத்தை விற்றபோது அங்கிருந்த சிற்றாலயத்திலிருந்து லாரியில் ஏற்றி வந்த பாடுபட்ட சுரூபம், சிலுவையில் தொங்கும் ஏசுவின் சிலை அது. பெரிய வெள்ளியன்று சபையே வரிசையில் வந்து அந்தப் பாதத்தைத்தான் முத்தமிட்டு முத்தி செய்யும். சுண்ணாம்புச் சுரூபம், ஈரம் ஆகாது, காய்ந்த துணியால்தான் துடைக்க வேண்டும் என்று கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சன்னாசி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தவக்காலத் துப்புரவன்று அவர் சாப்பிடப் போன நேரத்தில், பளபளவென்று இருக்கட்டுமே என்று கால்வின் அதைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்திருக்கிறான். பாதம் கையோடு வந்துவிட்டது. பயத்தில் அப்படியே சாத்திவைத்துவிட்டு வந்துவிட்டான். கோயில் சாவி சன்னாசியிடம் இருந்ததால் பழியும் அவர்மேல் விழுந்தது. 'இந்துக்காரருக்கு நம்ம சுரூபத்தோட அரும எப்படித் தெரியும்' என்று பேசி அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அப்படிப் பேசியவர்களில் டோரிஸும் ஒருத்தி.

"ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன். மன்னிப்பு குடுத்துட்டாரு."

"அப்புறம் என்னடா? ஆண்டவரே மன்னிச்சாச்சு, பேசாம இருலா. ஊர் முன்னால மானம் போகணுமா?"

"என்னைய ஆண்டவர் மன்னிச்சிட்டாரும்மா. சன்னாசி அண்ணனுக்குப் போன வேல போனதுதானே?"

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. தான் பேசிய பேச்சு நெஞ்சைக் குத்தவும் எழுந்து செருப்பை மாட்டினாள்.

"கெளம்பு. அவரு வீட்டுக்குப் போலாம். நானும் ஒரு வார்த்த சொல்லணும்."

இருவரும் சொன்னதைச் சன்னாசி நின்றபடியே கேட்டார்.

"அத சபைக்கு முன்னால சொல்லு தம்பி. என்னக் கெட்டவனாக்குனது அங்கதானே."

பெரிய வெள்ளியன்று, சிலுவைப்பாதைக்கு முன்னால் கால்வின் மைக்கைப் பிடித்துச் சொன்னான். எதையும் மறைக்கவில்லை. அவனுக்குப் பின்னால் டோரிஸும் ஏறி, தான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டாள். கமிட்டித் தலைவர் ஆம்புரோஸ் தலைகுனிந்தபடி இறங்கி வந்து, சாவியைச் சன்னாசியின் கையில் வைத்தார்.

அங்கி வேறொரு பையனுக்குப் போனது. அவன் உடம்பில் அது தொளதொளவென்று கிடந்தது.

முத்தி செய்யும் நேரம் வந்தது. ஒட்டவைத்த பாதத்தோடு சுரூபத்தைப் பிடித்துக்கொண்டு சன்னாசிதான் நின்றார். எல்லோருக்கும் பிறகு கால்வின் மண்டியிட்டான். அவன் கண்ணீர் பாதத்தில் சொட்டப்போனது. சன்னாசி காய்ந்த துணியை எடுத்து அவன் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"அழுவாத தம்பி. ஈரம் ஆகாது."

பாரிட் புந்தாரிலிருந்து பிந்தி வந்திருந்த ஓர் அம்மாள் டோரிஸின் பக்கம் சாய்ந்தாள்.

"ஏசுவா நின்னது ஒங்க மகன்தானே அக்கா?"

"அங்கிதான் நான் தச்சது," என்று டோரிஸ் நெஞ்சை நிமிர்த்தினாள். "அந்தா, மண்டி போட்டு அழுவுறான் பாருங்க, அவன்தான் எம்மகன்."