மூன்றாவது வினாடி

திரையில் விமானத்தின் சரிவைக் காட்டும் கோடு இரண்டு வினாடி நேராகப் போய், மூன்றாவதில் சரேலென்று விழுந்தது. இடது இறக்கை நாற்பது டிகிரி சரிந்திருந்தது.

"ரெண்டோட வெட்டிடுடா," என்றார் எவாந்த்ரோ. சோதனைப் பிரிவின் தலைவர்.

நான் வெட்டினேன். பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு இந்த விமானத் தொழிற்சாலையில் கிடைத்தது அறிக்கைக்கு வரைபடம் வெட்டும் வேலை. புதிய விமானத்தின் மூக்கை ஏற்றிக்கொண்டே வேகத்தைக் குறைப்பார்கள். ஒரு கட்டத்தில் இறக்கைக்குக் காற்றின் பிடி போய்விடும். கைப்பிடியைக் கடைசிவரை இழுத்து, இரண்டு வினாடி வைத்திருந்து விட வேண்டும். விமானம் இருபது டிகிரிக்கு மேல் சரியாமல் மீண்டால் தேர்ச்சி. பதினெட்டு முறை சோதனை விமானி நெல்சி இரண்டில் விட்டாள். பதினெட்டும் தேர்ச்சி. பத்தொன்பதாவது முறை அவள் விடவில்லை.

விமானி உடையின் கைகளை இடுப்பில் முடிந்துகொண்டு, சீஸ் ரொட்டியை மென்றபடி உள்ளே வந்தாள்.

"எண்ண மறந்துட்டியா? என் பொண்ணு நாலு வயசுல ரெண்டு வரைக்கும் எண்ணிடுவா," என்றார் எவாந்த்ரோ.

"மறக்கல. வேணும்னேதான் புடிச்சேன்."

"விதி ரெண்டுதான கேக்குது, நெல்சி."

"விதியா ஓட்டப்போகுது? மழையில பயந்துபோன ஒருத்தன் ஓட்டுவான். அவன் கைய எடுக்க எவ்ளோ நேரமாகும்?"

"அப்படிப் பாத்தா நாலு, அஞ்சுன்னு போய்ட்டே இருக்கும். எங்கயாவது நிறுத்தித்தான ஆகணும்?"

அவள் ரொட்டியின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். அவர் சொன்னது பொய்யுமில்லை. எந்த விமானமும் எங்கோ ஓரிடத்தில் கவிழும். இந்த விமானத்துக்கு அந்த இடம் ஒரு வினாடி தள்ளி இருக்கிறது என்பது இப்போதைக்கு இந்த அறைக்கு மட்டும் தெரியும். அதை அறிக்கையில் எழுதினால் இறக்கையை மாற்ற வேண்டும். ஒரு வருடம் போகும். எழுதாவிட்டால் ஓட்டப்போகிறவனுக்குத் தெரியாது.

"பத்தொம்பதாவதும் தேர்ச்சிதான். கையெழுத்துப் போடு," என்று தாளை நகர்த்தினார் எவாந்த்ரோ.

நான் வெட்டிய வரைபடம் தாளின் வலது ஓரத்தில் நேர்கோடாக முடிந்திருந்தது. நெல்சி பேனாவை எடுத்தாள். கையெழுத்துக்கான இடத்துக்குப் போகவில்லை. கோடு நின்ற புள்ளியில் முனையை வைத்துக் கீழே இழுத்தாள். தாள் முடிந்தது. பேனா நிற்கவில்லை. எவாந்த்ரோவின் வெள்ளை மேசையில் இறங்கி, விளிம்புவரை நீலமாக ஓடியது.